நெத்துக் காய்க்கிற மரங்களும் நாங்களும்: திருமலை ஆக்கள் கண்டதைச் சொல்லுங்கோ

பாலையூற்றான்

அக்கான்ர மகள், மூண்டு வயசு, பின்வளவில விளையாடிக்கொண்டு நிண்டவள். மதிலுக்கு அங்கால மஞ்சாடி நிக்குது, நெத்து வெடிச்சுச் சுருண்டு விதை கொட்டுற காலம், சின்னனுகள் பொறுக்கத்தானே செய்யும், நாங்களும் பொறுக்கின ஆக்கள்தான். பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பாத்திட்டு "ஐயோ பிள்ளை குண்டுமணியைத் திண்டிட்டுது" எண்டு கத்தினா. அவ்வளவுதான், அம்மா விரலை விட்டுப் பிள்ளையின்ர வாயைத் தோண்டுறா, அக்கா நிலத்தில குந்திட்டா, அத்தான் "உது மஞ்சாடி, நஞ்சில்லை, சும்மா கத்தாதேங்கோ" எண்டு மாமியோட சண்டைக்குப் போறார், நான் ஓட்டோ பிடிக்க ஓடினன்.

ஓட்டோக்குள்ள வச்சுத்தான் பிள்ளையின்ர பொத்தின கையை விரிச்சுப் பாத்தம். எல்லாம் முழுச் சிவப்பு, தட்டை, மஞ்சாடியேதான். ஒண்டைத் தவிர. அது சின்னன், உருண்டை, ஒரு முனையில கறுப்புப் பொட்டு. அதைக் கண்டாப்பிறகு அத்தான் வாயே திறக்கேல்ல.

ஆஸ்பத்திரியில டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடிச்சதோ, முழுங்கினதோ?" யாருக்குத் தெரியும்? குண்டுமணியின்ர தோல் சரியான கெட்டி, முழுசா முழுங்கினா அப்பிடியே வெளியால போயிடும், கடிச்சு உடைச்சாத்தான் உள்ள இருக்கிற அப்ரின் எண்ட நஞ்சு வெளியில வரும், அதுக்கு மாற்று மருந்து எண்டு ஒண்டும் இல்லை, வாந்தி வயித்தோட்டம் எல்லாம் உடன வராது, மணித்தியாலக் கணக்கிலயும் வரும், அடுத்த நாளும் வரும் எண்டு சொன்னார். வாட்டில வச்சுப் பாத்தவை. ஒண்டும் நடக்கேல்ல, பிள்ளை ஜெலி கேட்டு அழுதுகொண்டு இருந்தாள், நாங்கள்தான் செத்துக்கொண்டு இருந்தம்.

பேந்து போய்ப் பாத்தா, அந்த மஞ்சாடி மரத்திலயே குண்டுமணிக் கொடி ஏறிப் படர்ந்து கிடக்கு. ரெண்டும் ஒரே நிலத்தில கொட்டுது. கையில ஒண்டு கிடந்தா வயித்துக்குள்ள எத்தினை எண்டு இப்பவும் யோசிக்கிறன். கொடியை வேரோட கிண்டி எரிச்சாச்சு, மஞ்சாடியை விட்டிருக்கு. மஞ்சாடியையும் தறிக்கோணும் எண்டு அக்கா நிக்கிறா. உங்களுக்கு உப்பிடி ஏதும் நடந்ததோ?

பத்தர்வீட்டுப் பேரன்

தம்பி, குண்டுமணி எண்டவுடன ஏன் இவ்வளவு பதட்டம்? எங்கட வீட்டில அது சுண்டுப் பேணி நிறையக் கிடந்தது. அப்பப்பா நகைப் பட்டறை வச்சிருந்தவர், அந்தக் காலம் தங்கம் நிறுக்கிற படியே அதுதான், ரெண்டு குண்டுமணி ஒரு மஞ்சாடி. ஒரு மஞ்சாடி கிட்டத்தட்டக் கால் கிராம் வரும். டிஜிட்டல் தராசு வந்தாப்பிறகும் அவர் முதல்ல விதையை வச்சுப் பாத்திட்டுத்தான் மெசினை நம்புவார். நாங்கள் பேரப்பிள்ளையள் எல்லாம் அந்தப் பேணிக்குள்ள கைவிட்டு அளைஞ்சு வளந்த ஆக்கள், ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்ல. இப்ப உள்ள ஆக்கள் எல்லாத்துக்கும் பயம்.

ஒரு நாள் மட்டும் அவர் கை நீட்டினவர். தங்கச்சிக்கு மாலை கோக்க எண்டு ஊசியைப் பழுக்கக் காய்ச்சி நான் குண்டுமணியில ஓட்டை போட்டுக்கொண்டு இருக்கிறன், பின்னால வந்து கையில ஒரே அடி, ஊசி பறந்து போய்க் கூரைத் தகரத்தில பட்டது. கோத்து வச்ச மாலையை அப்பிடியே எடுத்து உமிச்சட்டி நெருப்புக்குள்ள போட்டார். "ஓட்டை போட்ட குண்டுமணி இந்த வீட்டுக்குள்ள இருக்கப்படாது." அவ்வளவுதான் சொன்னவர், ஏன் எண்டு கடைசி வரைக்கும் சொல்லேல்ல. ஒருநாளும் அடிக்காத மனிசன். அந்தச் சத்தம் இண்டைக்கும் காதில இருக்கு.

மருந்துக்கடைப் பெட்டை

பத்தர்வீட்டு அண்ணை, நீங்கள் பாலையூற்றானை மறுக்க வந்து அவர் சொன்னதுக்கே சாட்சி சொல்லிட்டுப் போயிருக்கிறியள் 😄 தோல்தான் பூட்டு, ஊசி போட்டா பூட்டுத் திறந்த மாதிரி. அப்பப்பாவுக்கு அப்ரின் எண்ட பேர் தெரியாது, விசயம் தெரிஞ்சிருக்கு. குண்டுமணி கோத்த மாலை, காப்பு எல்லாம் இப்பவும் கைவினைப் பொருள் எண்டு விக்கினம், வாங்கிச் சின்னப் பிள்ளையளுக்குப் போடாதேங்கோ.

பாலையூற்றான், மஞ்சாடியைத் தறிக்கத் தேவையில்லை. ஜாவாவிலயும் பசுபிக் தீவுகளிலயும் அந்த விதையை வறுத்துத் தோல் நீக்கித் தின்னுற ஆக்கள் இருக்கினம். பச்சையாத் தின்ன ஏலாது, சமிபாட்டைக் குழப்பும், அது வேற கதை.

கட்டைபறிச்சான் மச்சாள்

நான் மரத்தைப் பற்றிச் சொல்லுறன், விதையில்லை. இப்பில் இப்பில். வேலி நீளத்துக்கு நட்டது, ஆட்டுக்கு நல்ல புரதம் எண்டு கூட்டத்தில சொல்லி நாத்தும் தந்தவை. போன வருசக் கோடையில புல்லே இல்லை, இவர் ஒவ்வொரு நாளும் அதின்ர குழையைத்தான் வெட்டிப் போட்டவர், ஆடுகளும் வேற ஒண்டையும் பாக்காமல் அதையே விழுந்து விழுந்து திண்டதுகள். கொழுக்கும் எண்டு சந்தோசப்பட்டம்.

ஒருநாள் விடிய, கறுப்பு மறி ஒண்டு, அதுதான் எனக்குச் செல்லம், கொட்டிலுக்குள்ள போய் முதுகைத் தடவினன். கை எடுக்கேக்க முடி முழுக்க என்ர கையோட வந்திட்டுது. இழுக்கவே இல்லை, தடவினது மட்டும்தான். முதுகில கைப்படம் மாதிரி வெறும் தோல் தெரியுது. நான் கத்தின கத்தலில இவர் பாம்பெண்டு நினைச்சுப் பொல்லோட ஓடி வந்தவர். மற்ற ஆடுகளுக்கும் வாலடியில, காதடியில கொட்டத் தொடங்கிட்டுது, வாயால எச்சில் வடியுது. கண்ணூறு எண்டு மாமி மிளகாய் சுத்திப் போட்டா, எனக்கு அது வேற கோவம்.

குழையை நிப்பாட்டினாப்பிறகு முடி வந்தது. ஆனா கறுப்பிக்குக் குட்டி தங்கேல்ல.

கந்தளாய் ஐயா

பிள்ளை, என்ர வீட்டில முயலுக்கு இதே நடந்தது, முழு மொட்டை.

இப்ப நான் சொல்லுறதைக் கவனமாக் கேளுங்கோ. இப்பில் இப்பிலில மிமோசின் எண்டு ஒரு அமினோ அமிலம் இருக்கு, இலையிலயும் விதையிலயும் கனக்க, அதுதான் முடியின்ர வேரில வளர்ச்சியை நிப்பாட்டுறது. ஆட்டின்ர வயித்துக்குள்ள அது உடைஞ்சு வேற ஒண்டா மாறும், அந்த ரெண்டாவது சாமான் தைரொயிட்டில கை வைக்கும், கழுத்தில கழலை வரும், குட்டி தங்காது, தங்கினாலும் நிறை குறையும். உங்கட கறுப்பிக்கு நடந்தது அதுவாத்தான் இருக்கும். கண்ணூறில்லை.

இதில ஒரு விசித்திரம் இருக்கு. மரம் மெக்சிக்கோப் பக்கத்து மரம். அவுஸ்திரேலியாவில மாடுகளுக்குக் குடுத்து நோய் வந்தது, ஆனா ஹவாயில ஆடுகள் அதையே திண்டு ஒரு பிரச்சினையும் இல்லாமல் நிண்டதுகள். ரேமண்ட் ஜோன்ஸ் எண்ட அவுஸ்திரேலிய விஞ்ஞானி, ஹவாய் ஆட்டின்ர இரைப்பைக்குள்ள இந்த நஞ்சைத் தின்னுற கிருமி இருக்குது எண்டு சந்தேகப்பட்டு, அந்த இரைப்பைத் தண்ணியை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து மாடுகளுக்கு ஏத்திப் பாத்தார், 1980களின்ர தொடக்கத்தில. மாடுகள் சுகமாத் தின்னத் தொடங்கினதுகள். பிறகு 1992ல அந்தக் கிருமிக்கு அவற்ற பேரையே சேத்து வச்சவை. இப்ப குயின்ஸ்லாந்தில பெரிய பண்ணையள் இதை நம்பி நடக்குது.

உங்கட ஆட்டுக்கு அந்தக் கிருமி இருக்கோ இல்லையோ எண்டு வெளியால பாத்துச் சொல்ல ஏலாது, அதால முறை இருக்கு. மொத்தத் தீனியில மூண்டில ஒரு பங்குக்கு மேல போடாதேங்கோ. திடீரெண்டு கூட்டாதேங்கோ, கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்கோ. சினையாட்டுக்கு வேண்டவே வேண்டாம். கொழுந்தில நஞ்சு கூட, முத்தின இலையில குறைவு. வைக்கோல், பூவரசங்குழை, பலாவிலை எல்லாம் கலந்து போடுங்கோ. கோழிக்குக் குடுக்கிறதெண்டா இன்னும் குறைக்கோணும், பண்டிக்கும் அப்பிடித்தான், அதுகளுக்கு இரைப்பை வேற மாதிரி. பதிலுக்கு வேலியில சீமைக்கிளுவை நடுங்கோ, கதியால் போட்டாக் காணும், நாட்டில தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் எண்டே அறிவிச்ச மரம், விறகுக்கும் ஆகும், வயலுக்குப் பசளையும் ஆகும். கதியாலைச் சரிவா வெட்டோணும், நேரா வெட்டினா மேல் முனையில தண்ணி நிண்டு அழுகும். மாரிக்கு முதல் நடுங்கோ. வேலி இடைவெளி ஒரு முழம் விட்டாப் போதும். முள்ளுக்கம்பியைக் கதியாலில இறுக்கிச் சுத்தாதேங்கோ, மரம் பெருக்கக் கம்பியை முழுங்கிடும்.

கட்டைபறிச்சான் மச்சாள்

ஐயா நான் வேலி போடுறது எப்பிடி எண்டு கேக்கேல்ல 🙏 ஆனா கண்ணூறில்லை எண்டதை மாமிக்கு வாசிச்சுக் காட்டினன்.

உப்பாத்து மனிசன்

நான் கிண்ணியா. மரமில்லை, கொடி, ஆனா மேல சொன்ன மரங்கள்ட அதே அவரைக் குடும்பம்தான், நெத்துப் பாத்தாத் தெரியும். கண்டல் காட்டுக்குள்ள மரத்துக்கு மரம் பின்னிக்கொண்டு கிடக்கும், மூண்டு மூண்டு இலையா, பூ வெள்ளையும் இளஞ்சிவப்பும்.

சின்ன வயசில வாப்பாவோடயும் மாமாவோடயும் களப்புக்குப் போறது. வத்துத் தண்ணிக்கு ஒரு மடுவில மீன் தேங்கி நிக்கும், வாயை மண்ணால அடைச்சுப்போட்டு மாமா அந்தக் கொடியின்ர வேரைக் கல்லில வச்சு நசிச்சார், பால் மாதிரித் தண்ணி வந்தது, சாக்கோட மடுவுக்குள்ள போட்டு உலக்கினார். நான் கரையில குந்திக்கொண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன். கொஞ்ச நேரம் ஒண்டுமே இல்லை. பிறகு மீனெல்லாம் மேல வரத் தொடங்கினது, சாகேல்ல, வாயைத் திறந்து திறந்து காத்தைக் குடிக்குது. மணலை, திரளி, இறால் எல்லாம். கையால தூக்கி எடுக்கிறாங்க, ஒண்டும் துள்ளல்ல.

அதில ஒரு விலாங்கு. எனக்கு மறக்காதது அதுதான். ஊர்ந்து ஊர்ந்து தானாவே கரைக்கு ஏறி வந்து, சேத்தில, என்ட காலுக்குக் கிட்ட வந்து நிண்டது. விலாங்கைப் பிடிக்கிறதுக்கு மனிசன் என்ன பாடு படுறான், இது தானா வருது. நான் எழும்பி ஓடினன், மாமா சிரிச்சார். அன்டு ராவு உம்மா ஆக்கின கறியை எல்லாரும் திண்டாங்க, ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகல்ல, நான் மட்டும் சோத்துல தொடல்ல. மீனைக் கொன்ட நஞ்சு எங்களை ஏன் கொல்லல்ல எண்டு கனகாலம் விளங்கல்ல. அதில இருக்கிறது ரொட்டினோன், மீனுக்குச் செவுளால நேர இரத்தத்துக்குப் போயிடும், மனிசன்ட குடலால அவ்வளவா ஏறாது, சமைக்கக்குள்ள கொஞ்சம் அழிஞ்சும் போகும் எண்டு மகள் படிச்சிட்டு வந்து சொன்ன பிறகுதான் தெரியும். உயிரணுவுக்குள்ள ஒட்சிசனைப் பாவிக்கிற இடத்தை அது பூட்டிடுமாம். அந்த மீனெல்லாம் காத்துக் குடிச்சும் காத்தில்லாமக் கிடந்திருக்கு.

திருக்கடலூர் பொடியன்

உதைப் பெருமையா எழுதாதேங்கோ காக்கா. நஞ்சு போட்டு, வெடி போட்டு மீன் பிடிக்கிறது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தில தடை. அந்த மடுவில எடுத்த மீன் எத்தினை, எடுக்காமல் விட்ட குஞ்சு எத்தினை? கண்டலுக்குள்ளதான் இறாலும் மீனும் குஞ்சு வளர்க்கிறது. அதோட "மனிசனுக்கு ஒண்டும் ஆகாது" எண்டதும் பிழை. 2000ஆம் ஆண்டு ஆராய்ச்சியில எலிக்கு ரொட்டினோனைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினதில பார்கின்சன் வருத்தம் மாதிரியே வந்தது, மூளையில அதே இடம் பழுதாகினது. ஒருநாள் கறி வேற, அந்த வேரை நசிச்ச கையும் அந்தத் தூளை மூச்சில எடுத்த ஆளும் வேற.

உப்பாத்து மனிசன்

தம்பி, நான் சோத்துல தொடல்ல எண்டு எழுதினதை வாசிச்சீங்களா இல்லையா. அந்தச் சட்டத்துக்கு எத்தினையோ வருசத்துக்கு முந்தின கதை இது. மாமா மவுத்தாகியும் போனார். இப்ப சுருக்கு வலையும் வெடியும் போடுறவங்களுக்கிட்டப் போய் இந்தச் சட்டத்தைச் சொல்லுங்க, கொடி நசிக்க இப்ப ஆருக்கு நேரம்.

திருக்கடலூர் பொடியன்

அதையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன்.

சாம்பல்தீவு

சின்னக் கதை. புங்கெண்ணெய். அப்பாச்சி சிரங்குக்குப் பூச, மாட்டுக்காயத்துக்குப் போட, கோயில் விளக்குக்கு எண்டு எப்பவும் ஒரு போத்தில் வச்சிருப்பா, பழைய அரக்குப் போத்தில். வீட்டுக்கு வந்த சித்தி அதை நல்லெண்ணெய் எண்டு நினைச்சு வடை சுட்டிட்டா. வீடு முழுக்க ஒரு கசப்பு மணம், அது வாயால சொல்ல ஏலாத மணம். முதல் வடையை வாயில வச்சது சித்தப்பாதான், மரியாதைக்கு விழுங்கியும் போட்டார், மனிசிக்குப் பயம். பின்னேரம் வரைக்கும் கிணத்தடியில வாந்தி. அப்பாச்சி வந்து சட்டியை மணந்து பாத்திட்டு "உடம்புக்கு வெளியால போடுறதை உள்ளால போட்டா அது வெளியாலதானே வரும்" எண்டா. சித்தி ஒரு கிழமை கதைக்கேல்ல.

தம்பலகாமம் வயல்காரன்

கந்தளாய் ஐயா சீமைக்கிளுவை எண்டு சொன்னவர், அதில ஒரு கதை. எலி. பெரும்போகம், குடலைப் பருவம், அடியோட அறுத்துத் தள்ளுதுகள். எங்கட சின்னையா எங்கயோ கேட்டிட்டு வந்தார், மத்திய அமெரிக்காவில இந்த மரத்தாலதான் எலியைக் கொல்லுறவை, அங்க அதின்ர பேரே எலிக்கொல்லியாம் எண்டு. பட்டையை அவிச்சு, அந்தத் தண்ணியில அரிசியை வேகவச்சு, வரம்பு வரம்பாச் சிரட்டையில வச்சார். விடியப் போய்ப் பாத்தா எல்லாச் சிரட்டையும் துடைச்ச மாதிரிக் காலி. சின்னையாவுக்குச் சந்தோசம் தாங்கேலாது. அடுத்த நாளும் வச்சார், அதுவும் காலி. வயலில ஒரு எலியும் சாகேல்ல, பக்கத்து வயல் எலியும் சேந்து வந்திருக்கும் எண்டு நினைக்கிறன். மூண்டாம் நாள் வரம்பில ஒண்டு எழும்பி நிண்டு அவரைப் பாத்தது, நான் கண்ணால கண்டனான், சோத்துக்குக் காத்துக்கொண்டு நிக்குது. ஓடக்கூட இல்லை. சின்னையா மண்வெட்டியைக் கீழ போட்டிட்டு வீட்டை வந்தவர்.

ஏன் வேலை செய்யேல்ல எண்டு ஆராவது சொல்லுங்கோ. பொய்க் கதையோ?

மருந்துக்கடைப் பெட்டை

பொய்யில்லை அண்ணை, ஒரு படி விடுபட்டுப் போச்சு. சீமைக்கிளுவையில இருக்கிறது கூமரின், வாட வாட ஒரு வாசம் வருமே, அதுதான். அது தனிய எலியைக் கொல்லாது. பூஞ்சணம் பிடிச்சுப் புளிச்சாத்தான் டைக்கூமரோல் எண்டு மாறும், அதுதான் இரத்தத்தை உறைய விடாமல் பண்ணுறது. சின்னையா சுடச்சுடச் சாப்பாடு குடுத்திருக்கிறார், எலி விருந்து சாப்பிட்டிட்டுப் போயிருக்கு.

இது பெரிய கதை. வட அமெரிக்காவில 1920களில மாடுகளுக்கு ஒரு வருத்தம் வந்தது, கொம்பு வெட்டினாலே இரத்தம் நிக்காமல் செத்துப்போகும். பூஞ்சணம் பிடிச்ச இனிப்புக் குளோவர் வைக்கோல் திண்டதால வந்தது, அந்தச் செடியும் அவரைக் குடும்பம்தான். 1933ல ஒரு விவசாயி உறையாத மாட்டு இரத்தத்தைப் பால் கானில கொண்டுபோய் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில கார்ல் போல் லிங்க் எண்ட ஆளிட்டக் குடுத்தார். அவற்ற ஆய்வுகூடம் டைக்கூமரோலைப் பிரிச்சு எடுத்தது, அதின்ர வழியில வந்ததுதான் வோபரின். 1948ல எலி மருந்தா வந்தது, 1954ல மனிசருக்கு மருந்தா வந்தது. இதய வால்வு மாத்தின ஆக்கள் கிளினிக்கில எடுக்கிறியளே, அதேதான்.

எனக்கு மண்டையில நிக்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறார். வோபரின் எடுக்கிறவர், மாசாமாசம் இரத்தம் பாக்கிறவர், இரத்தம் உறைய எடுக்கிற நேரத்தின்ர அளவு நல்லா நிண்டது. ஒருநாள் துண்டோட வந்தார், அளவு சரியா இறங்கிக் கிடக்கு. குளிசை விட்டனியளோ எண்டு கேட்டா இல்லவே இல்லையாம். சாப்பாடு? "சஷ்டி விரதம் பிள்ளை, பாரணைக்கு அகத்தி, அதோட பிறகு வீட்டு மரத்து அகத்தியைத்தான் ஒவ்வொரு நாளும் வறை வச்சுச் சாப்பிடுறன், விரதத்தால வயித்துப்புண் வந்திட்டுது, அதுக்கு நல்லதெண்டு." கடும் பச்சைக் கீரையில வைட்டமின் கே கனக்க, அது வோபரினுக்கு நேர் எதிரி. அவருக்கு அதை விளங்கப்படுத்த நான் சொன்னது "அகத்தி மருந்தை முறிக்கும் ஐயா" எண்டுதான். உடன தலையாட்டினார். எங்கட அம்மம்மா சொல்லுற அதே வசனம், கம்பஸில படிச்சிட்டு வந்து நானும் அதையே சொல்லுறன்.

உவர்மலைப் பேத்தி

அகத்தி பற்றிச் சும்மா பயப்படுத்தாதேங்கோ அக்கா. நாட்டு மருந்து குடிக்கிற நேரம் அகத்தி வேண்டாம் எண்டுதான் பரியாரி சொல்லுறது, மற்றப்படி அது நல்ல கீரை.

மருந்துக்கடைப் பெட்டை

கீரையே வேண்டாம் எண்டு நான் எங்க சொன்னனான் தங்கச்சி? வோபரின் எடுக்கிற ஆக்கள் கீரையைத் திடீரெண்டு கூட்டவும் வேண்டாம், திடீரெண்டு நிப்பாட்டவும் வேண்டாம், ஒவ்வொரு கிழமையும் ஒரே அளவா வச்சுக்கொள்ளுங்கோ, கிளினிக்கில சொல்லுங்கோ. அவ்வளவுதான்.

லிங்கநகர் மாப்பிள்ளை

நஞ்சுக் கதை இல்லை எண்டாலும் எழுதுறன். என்ர கலியாணம். கன்னிக்கால் நட முள்முருக்கு வேணும் எல்லோ, முந்தி வேலிக்கு வேலி நிண்ட மரம், கலியாண வீட்டுக்காரர் கேட்டா ஒரு கொப்பு முறிச்சுக் குடுப்பினம். தேடினா இல்லை. நிண்ட மரங்களிலயும் இலையெல்லாம் வீங்கி, கட்டி கட்டியா, சுருண்டு போய். மாமா விடியப்புறம் மோட்டசைக்கிளில சீனன்குடாப் பக்கம் எல்லாம் அலைஞ்சு, பொன்னுருக்குக்கு நேரம் போகப்போகுது எண்டேக்க ஒரு கொப்போட வந்து இறங்கினார். அதிலயும் இலை முழுக்க அந்தக் கட்டி. ஐயர் அதைக் கையில வாங்கிப் பாத்தார். அம்மா ஐயரின்ர முகத்தைப் பாக்கிறா. அபசகுனம் எண்டு ஒரு சொல்லு வந்திட்டா முடிஞ்சுது. ஐயர் ஒவ்வொரு இலையா, மெல்ல, வீங்கினதை எல்லாம் கிள்ளி எடுத்துக் கீழ போட்டார், கொப்பில மிஞ்சினது ரெண்டு மூண்டு நல்ல இலை. "நேரமாகுது, வாங்கோ" எண்டார். ஒரு மனிசரும் ஒண்டும் கதைக்கேல்ல.

அது ஒரு சின்னக் குளவியின்ர வேலை, முருக்கு இலையையும் தண்டையும்தான் அது முட்டையிடத் தேடுறது. 2004லதான் விஞ்ஞானியள் அதுக்குப் பேரே வச்சவை, அடுத்த வருசமே ஹவாய் வரைக்கும் போய் அங்கத்தை முருக்கு மரங்களைக் காய வச்சது.

பாலையூற்றான்

முள்முருக்கு விதையும் நஞ்சு எண்டு கேள்விப்பட்டனான், உண்மையோ? எங்கட வேலியில ஒண்டு நிக்குது.

கந்தளாய் ஐயா

உண்மை. விதையில இருக்கிற அல்கலொயிட் தசையை மரக்கப் பண்ணும். இளம் இலையை அவிச்சுச் சாப்பிடுற ஆக்கள் இருக்கினம், விதையை ஒருத்தரும் சாப்பிடுறதில்லை. ஆட்டுக்குக் குழையாப் போடலாம். கட்டைபறிச்சான் பிள்ளை, நீங்களும் கேளுங்கோ, முருக்கங்குழை, சீமைக்கிளுவைக் குழை ரெண்டும்

கட்டைபறிச்சான் மச்சாள்

ஐயா உங்கட சொல்லைக் கேட்டு இவர் சீமைக்கிளுவைக் குழை வெட்டிப் போட்டவர். ஒண்டும் மணந்து கூடப் பாக்கேல்ல. மிதிச்சுப்போட்டு நிண்டு கத்துதுகள்.

கந்தளாய் ஐயா

பச்சையாப் போட்டனியளோ? அதின்ர மணம் ஆட்டுக்குப் பிடியாது. வெட்டி ஒரு ராத்திரி நிழலில பரப்பி வாட விட்டுப் போடுங்கோ, முதல்ல தவிட்டோட கலந்து குடுங்கோ. பழகினாப்பிறகு தானாத் தின்னும். பூஞ்சணம் பிடிக்க விட்டிடாதேங்கோ, மருந்துக்கடைப் பிள்ளை மேல எழுதினதை வாசிச்சனியள்தானே.

கட்டைபறிச்சான் மச்சாள்

வாட்டிப் போட்டனான். மூண்டு தின்னுது. கிடாய் இன்னும் வேலிக்கு மேலால எட்டி இப்பில் இப்பிலைத்தான் இழுக்குது, அதை என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோ.